உறைமோருக்குள் ஒரு கணக்கு நோட்டு

ஜீவாமிர்தத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கிறது என்று நாம் மொத்தமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒற்றை உயிருக்கும் நோய் வரும். வந்த நோயை அது நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். பால் ஆலைக்காரர்களுக்கு இது தீராத தலைவலி. உறையில் ஃபேஜ் புகுந்தால் பால் சரியாக உறையாது. டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள், தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் மீது ஃபேஜை விட்டுப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்த சிலவற்றின் டிஎன்ஏவில் அந்த ஃபேஜின் துண்டு, சுமார் 30 எழுத்து, புதிதாகச் செருகியிருந்தது. துண்டை நீக்கினால் எதிர்ப்பும் போச்சு!

இந்த ஏற்பாட்டுக்கு கிரிஸ்பர் என்று பெயர். எனக்கு இது நம்ம பால் கணக்கு நோட்டு மாதிரிதான் தெரிகிறது. புதுப் பதிவு ஒரு முனையில் சேரும், பழசு தள்ளிப்போகும். அதே ஃபேஜ் திரும்ப வந்தால், காஸ்9 என்ற புரதம் அந்தப் பதிவின் நகலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, எதிரியின் டிஎன்ஏவை வெட்டிவிடும். மாடு சீம்பாலில் கன்றுக்குத் தரும் எதிர்ப்பு சில மாதத்தில் தீர்ந்துபோகும். இங்கே செல் பிரியும்போது நோட்டே வாரிசுக்குப் போய்விடுகிறது, பாருங்க.

ஃபேஜும் லேசுப்பட்டதில்லை. அந்த இடத்தில் ஒரே எழுத்து மாறினாலே தப்பிக்கலாம். எல்லா செல்லும் ஒரே பதிவை வைத்திருந்தால், தப்பிய ஃபேஜுக்கு அத்தனையும் தீனி. ஆளுக்கொரு பதிவு இருக்கும் கலப்புக் கூட்டத்தில், ஒன்றிடம் தப்பியது அடுத்ததிடம் மாட்டும். நாம் விதைநேர்த்திக்குப் போடும் சூடோமோனாஸின் உறவுக்கார வகையில் 2016-இல் இதைச் சோதித்தார்கள். கலப்புக் கூட்டத்தில் ஃபேஜ் பூண்டோடு அழிந்தது.