உணவு நற்காப்பு: புகையூட்டலும் பங்கு இறைச்சியும்

மாணவர்களே, இறைச்சியைப் புகையூட்டும்போது வெப்பத்தால் நீர் குறைகிறது. புகையிலுள்ள பீனோல் முதலிய சேர்வைகள் படிந்து நுண்ணங்கிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. விடையில் இரண்டையும் எழுதுக.

வன்னிக் கிராமங்களில் முன்னர் வேட்டை இறைச்சியை நெருப்பின் மேல் வாட்டி வத்தலாக்கினர். யாழ்ப்பாணத்திலோ பங்கு இறைச்சியே வழக்கம். தீபாவளியை ஒட்டி அயலவர் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, அடித்து, ஓலையில் சம பங்குகளாக வைப்பர். ஈரலும் எலும்பும் எல்லாப் பங்கிலும் சேரவேண்டும், இல்லையேல் மனத்தாங்கல்தான்!

விலை ஒரு காரணம், மற்றது வெப்பம். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகும். குளிர்சாதனப் பெட்டியில்லாத வீட்டில் முழு ஆடு மிஞ்சிப் பழுதாகும்; பத்து வீட்டுக்குப் பிரித்தால் அன்றே கறியாகிவிடும்.

பயிற்சி வினா: பங்கு இறைச்சியை உணவு நற்காப்பு முறையாகக் கருதலாமா? காரணம் தருக.