பத்திரத்தில் ஏறாத பங்கு

தொப்பம்பட்டி

அன்புள்ள அம்மிணிக்கு,

வீடு யாருடையது என்று கேட்டால் நம் பக்கம் ஒரே பதில்தான்: பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருடையது. சட்டம் படிக்கப் போகிற நீ அந்தப் பதிலோடு நின்றுவிடாதே. பெயர் ஒருவருடையதாக இருக்க, பலனுக்கு உரியவர் இன்னொருவராக இருக்கலாம் என்பதுதான் ஆங்கிலேயர் 1882-இல் இங்கே சட்டமாக்கிய டிரஸ்ட் முறையின் உயிர். ஆனால் உண்மையான உரிமையாளரைத் தேடிய நீதிமன்றங்கள் பணம் வந்த வழியையே பார்த்தன. சோறாக்கிய, பிள்ளை வளர்த்த, மாட்டுக்குத் தண்ணி காட்டிய கைக்கு ரசீது ஏது?

இங்கிலாந்திலேயே இது எப்படி முடிந்தது என்று பார். 1935-இல் மணமான ஒரு தம்பதிக்கு 1951-இல் கணவர் பேரில் வீடு வாங்கப்பட்டது. சாமான்களுக்கும் புல்தரைக்கும் மனைவி தன் சம்பாத்தியத்தில் 220 பவுண்டு செலவழித்திருந்தார். அது வீட்டின் விலையில் சேராது, பங்கும் கிடையாது என்று 1970-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் தலையிட்டது. விவாகரத்தில் சொத்தைப் பிரிக்கும்போது வீட்டு உழைப்பையும் கணக்கில் எடுக்கச் சட்டம் வந்தது. மணமாகாதவர்களுக்கு அது பொருந்தாது. 19 ஆண்டு சேர்ந்து வாழ்ந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த பெண் 1984-இல் நீதிமன்றத்திலிருந்து வெறுங்கையோடு வெளியேறினார். நீதிபதிகளின் இரக்கத்தால் நிரம்பாத பள்ளத்தைச் சட்டம்தான் நிரப்பியது, அதுவும் பாதிதான்.

கோவாவைத் தவிர்த்தால் நம்மிடம் அந்தப் பாதிச் சட்டமும் இல்லை. அதனால்தான் 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு முக்கியமாகிறது. கணவர் சவூதியில் வேலை பார்த்தார். இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவி, அவர் அனுப்பிய பணத்தில் தன் பேரில் சொத்து வாங்கினார். பணம் என்னுடையது, அவள் வெறும் காப்பாளர்தான் என்பது கணவரின் வாதம். விடுமுறை இல்லாத வீட்டு வேலை இருந்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, அதுவும் சொத்துக்கான பங்களிப்பே என்றார் நீதிபதி. மனைவிக்குச் சரிபாதி தந்தார். பேர் மனைவியுடையதாக இருந்தும் வழக்கு வந்ததைக் கவனி. பெண் பேரில் பதிந்தால் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகையை 2025 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு அரசு தருகிறது. நல்லதுதான், ஆனால் பேர் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

வீட்டு வேலை மனைவியின் கடமை, கடமைக்குக் கூலி கேட்பதா என்பார்கள். சம்பாதிப்பதும் கணவரின் கடமைதானே? ஒரு கடமை சொத்தாகவும் மற்றது வெறும் பாசமாகவும் எழுதப்படுவதில் என்ன நியாயம்? ஜீவனாம்சம் இருக்கிறதே, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் குடியிருக்க உரிமை தருகிறதே என்பது இன்னொரு வாதம். இரண்டும் உண்மை. ஆனால் ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றது தங்குவதற்கு. அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைத்துக் கடன் வாங்கவோ இரண்டாலும் முடியாது. பங்கு கொடுத்தால் குடும்பம் உடையும் என்ற பயத்தைத்தான் நான் கொஞ்சம் பொறுமையோடு கேட்பேன். அதற்குக் கோவாவைப் பார்க்கச் சொல்வேன். போர்த்துக்கீசியர் கால 1867 சட்டத்தின் வழியில், வேறு ஒப்பந்தம் செய்யாத தம்பதிக்கு அங்கே சொத்து பொது, பாதி மனைவியுடையது. அங்கேயும் கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் சென்னைத் தீர்ப்பு மட்டும் போதாது; ஒரு தீர்ப்பை இன்னொரு வழக்கில் வேறுபடுத்திக் காட்டுவது வக்கீலுக்கு எளிது, உச்ச நீதிமன்றம் மாற்றவும் செய்யலாம். நாடாளுமன்றம் இந்தப் பங்கைச் சட்டமாக எழுதும் வரை, கிரயப் பத்திரம் எழுதும் நாளிலேயே கணவன், மனைவி இருவரையும் வாங்குபவர்களாகச் சேர்த்து, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்றும் எழுதும்படி உன்னிடம் கேட்பவர்களுக்குச் சொல். பத்திர எழுத்தருக்கு அது ஒரு வரி வேலை.

அன்புடன்,
பெரியப்பா