அடமா, ஆற்றாமையா?

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் அத்தா விடியற்காலையில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனால் இருட்டிய பின்தான் திரும்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் மகனை ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்கிறார். ஒலிபெருக்கி முழங்கியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஸஃப்பில் பக்கத்திலிருப்பவரின் தோள் பட்டால் தள்ளிவிடுகிறான். ‘பத்து வயதாகியும் தொழாவிட்டால் அடிக்கத்தானே ஹதீது இருக்கிறது’ என்று உறவினர் சொல்ல, மக்தபில் பிரம்படியும் விழுந்திருக்கிறது. அதன்பின் முஸல்லாவை விரித்தாலே ஓடி ஒளிகிறான். “என் வளர்ப்பில்தான் குறையா?” என்று கேட்கிறார் தாயார்.

குறை அவரிடம் இல்லை. நம் காதில் விழும் நூறு ஓசைகளில் வேண்டாதவற்றை நம் மூளை தானே ஒதுக்கிவிடுகிறது. இத்தகைய பிள்ளைகள் பலருக்கு அது இயலாது. மின்விசிறியின் இரைச்சல், இருமல், அத்தர் வாசனை, ஒளுச் செய்யும் குளிர்ந்த நீர் யாவும் ஒரே கனத்தில் வந்து மோதும். தாங்கும் அளவைக் கடந்தால் அலறல்தான் மிஞ்சும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் இதனையும் சேர்த்திருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. சிலருக்கு ‘செய்’ என்ற ஏவலே பெரும் பதற்றத்தைத் தருகிறது. தமக்குப் பிரியமான காரியத்தையும் அப்போது மறுத்துவிடுவார்கள். 1980களில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் இதை எடுத்துரைத்தார். இதைத் தனி நோயாக அந்தக் கையேடு ஏற்கவில்லை. ஆனால் பெற்றோர் பலர் வீட்டில் அன்றாடம் காண்பது இதுவே.

இனி அடிக்கும் மஸ்அலா. ஏழு வயதில் தொழ ஏவவும் பத்து வயதில் அடிக்கவும் கூறும் ஹதீது அபூதாவூதில் உள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை எடுத்துக்காட்டுவோர் ஃபுகஹாக்களின் விளக்கத்தையும் படிக்க வேண்டாமா? அந்த அடி கையால்தான், கம்பால் அன்று, மூன்றுக்கு மேலும் கூடாது என்று ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதுகிறார்கள். மக்தபில் பிரம்பு எப்படி வந்ததோ! ஷாஃபிஈ மத்ஹபின் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) இன்னும் ஆழமாகச் சொல்கிறார்கள்: கடுமையாக அடித்தாலன்றித் திருந்தாத பிள்ளையை இலேசாகக்கூட அடிக்கக் கூடாது, ஏனெனில் அடியின் நோக்கமே அங்கு நிறைவேறாது. வேண்டுமென்றே தொழுகையை விடும் பிள்ளைக்கே இவ்வளவு வரம்பு என்றால், ஓசை தாங்காமல் துடிக்கும் பிள்ளையை அடிக்க எந்த இடமும் இல்லை. பாலிகாகாத அவன்மீது தொழுகை பர்ளும் அல்ல.

ஆட்டிசம் உள்ளோர் யாவரும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்கள் என்றும் எண்ணிவிடலாகாது. நன்கு விளங்கிக்கொள்ளும் பலர் அவர்களில் உண்டு. பாலிகானபின் அத்தகையோர் மீது தொழுகை கடமையே.

புத்தியில் சிறு கோளாறு இருந்த ஒரு பெண் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கொரு தேவை இருப்பதாகக் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அதனை அவரே தேர்ந்துகொள்ளுமாறு கூறி, அவர் தேவை முடியும்வரை அண்ணலார் உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி முஸ்லிமில் இருக்கிறது. இடத்தை அப்பெண்ணே தேர்ந்ததைக் கவனியுங்கள்.

தாயாரும் அவ்வாறே செய்து பார்க்கலாம். ‘தொழு’ என்று ஏவாமல் தாம் தொழும் இடத்தருகே அவனுடைய முஸல்லாவையும் விரித்து வைக்கட்டும். எந்த விரிப்பு வேண்டுமென்று அவனே சொல்லட்டும். ஒரு ஸஜ்தா செய்து எழுந்து போனால் அன்றைக்கு அதுவே போதும். பள்ளிக்குப் போகும் நாளில் தமிழ் பயான் முடிந்தபின் அழைத்துச் சென்று, கடைசி ஸஃப்பில் வாசலோரம் நிறுத்தலாம். (பயானில் ஒலிபெருக்கியைக் குறைத்தால் முதியோரும் துஆச் செய்வார்கள்.) அலறத் தொடங்கினால் சுற்றி நின்று புத்தி சொல்லாமல் அமைதியான இடத்துக்கு அழைத்துப்போய்ப் பேசாமல் காத்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருப்பதால் அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெற்றுக்கொள்வதும் நல்லது.

கடிதத்தின் கடைசியில், தாம் தொழும்போது பிள்ளை சாலைக்கு ஓடினால் என்ன செய்வது என்று தயங்கிக் கேட்டிருக்கிறார். தயக்கம் வேண்டாம். ஆபத்திலிருக்கும் ஒருவரைக் காக்கத் தொழுகையை முறிப்பது கடமை என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்துவிட்டு, அவன் அமைதியானபின் அத்தொழுகையைத் திரும்பத் தொழுதுகொள்ளட்டும்.