தொழிற்சாலையும் நம் குடும்பமும்

“தொழிற்சாலை வந்தால் ஊர் முன்னேறும்” என்பர் சிலர். “வந்தால் ஊர் கெட்டுவிடும்” என்பர் வேறு சிலர். தீர்ப்புச் சொல்லுமுன் கைத்தொழில்மயமாதல் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்வோம்.

முள்ளியவளையில் நெல் விதைக்கும் கமக்காரன் மழையையும் குளத்தையும் பார்த்துத் தன் நாளை ஒழுங்கு செய்கிறான். மண்வெட்டி அவனுடையது. மனைவி மக்களும் அவனோடு வயலில் நிற்பர். தொழிற்சாலையிலோ இயந்திரம் பிறருடையது. தொழிலாளி கொண்டுசெல்வது தன் உழைப்பையும் நேரத்தையுமே. வேலை வீட்டைவிட்டுப் பிரிகிறது. சூரியனின் இடத்தை மணிக்கூடு பிடித்துக்கொள்கிறது. கைத்தொழில்மயமாதலின் உட்பொருள் இதுவே.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இம்மாற்றம் தொடங்கியது. துணி மலிந்தது, நகரங்கள் பெருத்தன. ஆனால் சிறு பிள்ளைகளும் ஆலைகளில் வாடினர். இத்தகைய நிலை கண்டே பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடலில் நீதியான கூலி, ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்தினார்.

வன்னிக்கும் இது புதிதன்று. 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து சவர்க்காரத்துக்கு வேண்டிய கோஸ்டிக் சோடாவையும், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீனையும் தந்தது. ஒட்டுசுட்டானில் நம் களிமண் ஓடாயிற்று. இவற்றின் இயக்கத்தைப் போர் நிறுத்திவிட்டது.

2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகள் தோன்றின. துணி வெளியிலிருந்து வருகிறது. தைத்த ஆடை வெளியே போகிறது. இடையில் நம்முடையதாக இருப்பது நம் பெண்பிள்ளைகளின் உழைப்பே. போரில் கணவனை இழந்த தாய்க்கு மாதச் சம்பளம் பெரும் ஆறுதல். கடன்காரன் முன் தலைநிமிர வைக்கிறது. அதை இழிவாகப் பேசுவது பாவம். ஆயினும் விடியுமுன் பேருந்து ஏறி, இருட்டியபின் வீடு திரும்புபவள் தன் பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பாள்?

மனிதனுக்காகவே வேலை, வேலைக்காக மனிதன் அல்லன். 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் சாரம் இதுவே. ஆகவே தொழிற்சாலையை அதன் கட்டடத்தைக் கொண்டு அளக்கலாகாது. அங்கு உழைப்பவர் மனிதராக வீடு திரும்புகிறாரா என்பதே அளவுகோல்.

முதலாளிக்குக் கடமை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், முதலாளி தம் பங்காக 12 வீதமும் செலுத்தவேண்டும் என்பது சட்டம். சம்பளச் சீட்டை வாசிக்க நம் பிள்ளைகள் பழகவேண்டும். நமக்கும் கடமை உண்டு. களைத்து வரும் பெண்ணின் தலையிலேயே அடுப்பும் தண்ணீர்க்குடமும் விழுமானால், முதலாளியை மட்டும் குறைசொல்ல நமக்கு என்ன நியாயம்?

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் உழைப்பவரின் சுமையை யார் பகிர்கிறோம்?

2. ஞாயிறு நம் வீட்டில் இன்னும் ஆண்டவரின் நாளாகவும் ஓய்வு நாளாகவும் இருக்கிறதா?

3. அயலில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் இவற்றைப் பேசிப் பாருங்கள்.