கதியால் வேர்விடும் வரை

செங்கலடி

அன்புள்ள தம்பிக்கு,

நோயாளியின் பெயரை மறைத்து நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளில் நாலு ஸ்க்ரூ, இரண்டு ரொட். கோணம் பிசகவில்லை. கீழே, "இனி அசையாது சேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷம் உங்களுக்கு உரியதுதான். ஆனாலும் அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வளவு வேலிக்குப் பூவரசங் கதியால் நடுவதைச் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். குழியில் இறக்கி, மண்ணை மிதித்து இறுக்கி, குறுக்கே தடி வைத்துக் கட்டுவார்கள். பிள்ளைகள் பிடித்து ஆட்டினால் ஏச்சு விழும். ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் அரும்புகிற வேர் அறுந்துபோகும். கட்டு தாங்குவது வேர்விடும் வரைக்கும்தான். வேர்விட்டால், கயிறு இற்ற பிறகும் வேலி நிற்கும். விடாவிட்டால், மாரி மழைக்குக் கட்டோடு சாயும்.

ஸ்க்ரூவும் ரொட்டும் அந்தக் கட்டு. எலும்போடு எலும்பு ஒட்டுவதே வேர். நாலைந்து கிலோ எடையுள்ள தலை, குனியும்போதும் நிமிரும்போதும் டைட்டேனியத்தை வளைத்து வளைத்துப் பார்க்கிறது. எலும்பு ஒட்டாமல் மாதங்கள் போனால், ஒன்றில் ஸ்க்ரூ தளரும், இல்லாவிட்டால் உலோகம் களைத்து முறியும்.

ஆய்வுக்கூடக் கட்டுரைகளை விரும்பி வாசிக்கிறீர்கள். தானமாகக் கிடைத்த உடலின் கழுத்தெலும்பை இயந்திரத்தில் மாட்டி, முன்னே பின்னே வளைத்து, முறுக்கி, எவ்வளவு அசைகிறதென்று அளக்கிறார்கள். அந்த எண்கள் தேவைதான். ஆனால் அவை முதல் நாளின் எண்கள். பிரேத எலும்பில் வேர்விடாது.

அந்த அளவீட்டுக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த எந்திரவியலாளர் மனோகர் பஞ்சாபி. யேல் பல்கலைக்கழகத்தில் அவரும் சத்திர சிகிச்சை நிபுணர் ஒகஸ்டஸ் வைற்றும் கீழ்க்கழுத்துக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்குப் பாடம்: 3.5 மில்லிமீற்றருக்கு மேல் நகர்வு, பக்கத்து மட்டங்களைவிட 11 பாகைக்கு மேல் கோணம். ஆனால் உறுதி என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள். அன்றாடச் சுமையில் முண்ணாணும் நரம்பு வேர்களும் காயப்படாமல், கழுத்து கோணாமல், ஆளை முடக்கும் வலி வராமல் இருப்பதே உறுதி. அசையாமை என்று அவர்கள் சொல்லவில்லை.

நீங்கள் செய்த முறைக்கே வருவோம். முன்பு, 1939இல் காலி என்ற சத்திர சிகிச்சை நிபுணர் விவரித்ததைப் போல, பின்பக்க வளையத்தில் கம்பி சுற்றிக் கட்டினார்கள். எலும்பு முன்னே சரிவதைக் கம்பி தடுத்தது. முறுக்கத்தை அவ்வளவாகத் தடுக்கவில்லை. கழுத்தின் திரும்பலில் பாதியளவு நடப்பதோ அந்த முதலிரு எலும்புகளுக்கு இடையிலான மூட்டில். மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் அதுல் கோயல் 1988 முதல், இரண்டு எலும்புகளின் பக்கத் திரட்சிகளிலும் நேரே ஸ்க்ரூ இறக்கிப் பிளேட்டால் இணைத்தார். லகேரியோடு சேர்ந்து 1994இல் அதை வெளியிட்டார். 2001இல் ஹாம்ஸும் மெல்ஷரும் தலை சுழலும் ஸ்க்ரூவும் ரொட்டுமாக அதை மாற்றினார்கள். எல்லாரும் ஸ்க்ரூவைத்தான் பேசுகிறார்கள். கோயல் மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, இடுப்பெலும்புத் துண்டுகளை உள்ளே அடைத்ததைப் பாருங்கள். அதுதான் கதியாலுக்கு மண் பதப்படுத்தல்.

அந்த வேலையில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். தென்னையிலிருந்து விழுந்தவர், கீழ்க்கழுத்து முறிவு. ஸ்க்ரூ இறுகப் பிடித்த மகிழ்ச்சியில், எலும்பின் மேல்தோலைச் சரியாகச் செதுக்காமல், நாலு துண்டைத் தூவிவிட்டு மூடினேன். ஏழு மாதத்தில் வலியோடு வந்தார். சி.ரி. படத்தில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம். மீண்டும் திறந்தபோது, நான் இறுக்கிய ஸ்க்ரூ விரலால் தொட்டதும் சுழன்றது. அந்த வழுவழுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஆகவே தம்பி, ஸ்க்ரூவுக்குச் செலவிடும் நேரத்தை எலும்புப் படுக்கைக்கும் செலவிடுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, பீடி குடிக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். உழவு இயந்திரத்தில் எப்போது ஏறப்போகிறார் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. எலும்பு நன்றாக ஒட்டினாலும் உங்கள் நோயாளிக்கு இழப்பு உண்டு. "கிறுகிப் பாருங்க" என்றால் இனி தோளோடுதான் கிறுகுவார். பதுளை வீதி வந்து ஏறும் நமது சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும்போது அதை அவர் முதன்முதலாகக் கண்டுபிடிக்கக் கூடாது. கத்தி வைக்குமுன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்; இரண்டு பக்கமும் கண்ணாடி பூட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த படத்தை ஒரு வருஷம் கழித்து அனுப்புங்கள். அதில் ஸ்க்ரூவைப் பார்க்க மாட்டேன். மூட்டுக்குள் வெள்ளையாக எலும்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்