முளை அடிக்குமுன்



மன்னார்த் தீவில் காற்றாலை வேலைக்குப் புதிதாக வரும் பொறியியலாளர் முதலில் காற்றின் வேகத்தைத்தான் விசாரிப்பார். தீவிலுள்ள பேசாலைக் கிராமத்து மீனவருக்கு அதே காற்று சோழகம் (தென்மேற்குக் காற்று), வாடை (வடகிழக்குக் காற்று) என்று பெயரோடு வருவது. சோழகத்தில் விசிறிகள் நன்றாகச் சுழலும். தென்கடல் குமுறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஆய்வுக்குப் போனால் தென்கரை வெறிச்சென்று கிடக்கும், 'ஆள் புழங்காத நிலம்' என்று அறிக்கையும் எழுதிவிடலாம். வாடை தொடங்கட்டும், அதே மணலில் கரைவலை இழுப்பார்கள். எந்தத் துண்டுக் கரை யார் வலை இழுக்கும் பாடு என்பது நில அளவைப் படத்தில் இராது. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரைத்தான் கேட்க வேண்டும்.

ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் இலங்கை மின்சார சபை தீவில் கட்டிய தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அதன் பிறகு மழைவெள்ளம் வடிவதில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்று ஊரார் முறையிடுகிறார்கள். இதில் காற்றாலையின் பங்கு எவ்வளவு என்று நிபுணர்கள் வாதிடலாம். வெள்ளம் எந்த வழியால் கடலுக்கு இறங்கும் என்பதை ஊரில் விசாரிக்க ஒரு பின்னேரம் போதும்.

சட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதற்குள் வரைபடம் முடிந்திருக்கும்.

மன்னாரில் அதானி நிறுவனம் போட்ட காற்றாலைத் திட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் மன்னார் ஆயரும் ஒருவர். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகியதற்கு விலைப் பேச்சுவார்த்தையே காரணம் என்றாலும், ஊர் ஓயவில்லை. ஆகஸ்டில், வேறு புதிய காற்றாலைகளை எதிர்த்து, மன்னார் நகரில் தொடர்போராட்டம் தொடங்கியது. ஜனாதிபதி அந்த வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் 26 இரவு காற்றாலைப் பாகங்கள் வந்தபோது பொலிசாரோடு கைகலப்பு. 29ஆம் திகதி கடையடைப்பு.

நோர்வேயின் ஃபோசனிலும் இதே கதைதான். சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நட்டு முடித்த பிறகு, உரிமம் செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. முன்கூட்டிய சம்மதம் வேண்டும் என்னும் 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனம் பழங்குடிகளுக்கானது, பேசாலையார் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அவர்களைக் கேட்காமல் விடலாம் என்று எந்த அதிகாரியாவது சொன்னால், செப்டெம்பர் இரவை நினைவூட்டுங்கள்.

கூட்டத்தைப் பிரதேச செயலகத்தில் வைக்காமல் மீன்வாடியிலோ கோயில் வளவிலோ, வலை இழுக்காத நேரத்தில் வையுங்கள். கருவாடு போடும் பெண்களையும் கூப்பிடுங்கள். புறப்படுமுன் உங்கள் மேலதிகாரியிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊர் வேண்டாமென்றால் முளையை இடம் மாற்றுவீர்களா? மாட்டோம் என்றால், அதைக் கலந்தாலோசனை என்று அறிவித்தலில் போடாதீர்கள்.