ஹோஸைக் கழட்டும் முன் ஒரு கேள்வி

மக்களே, போன செமஸ்டர் வைவாவில் என்கிட்ட கேட்ட கேள்வி: "ஐடிலிங்ல இ.ஜி.ஆர் வால்வு ஏன் மூடியே இருக்கணும்?" இ.ஜி.ஆரோட விரிவாக்கத்தை மூச்சுவிடாம ஒப்பிச்சேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரலை. அப்புறம் அது புரிஞ்சது, 1980-களின் ஒரு அமெரிக்க மாடல் டொயோட்டா பிக்கப்போட வேக்கம் படத்தைப் பார்த்தப்போதான்.

நம்ம ஊர் லாரிகள் டீசல், அதனால இந்தத் தலைவலி நமக்குப் பழக்கமில்லை. அந்த பிக்கப்பில் இருந்தது 22ஆர் எஞ்சின்: பெட்ரோல், 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், கார்புரேட்டர். இன்னைக்கு ஈ.சி.யூ பார்க்கிற வேலையில் பெரும்பகுதியை அதில் ரப்பர் ஹோஸ்கள்தான் பார்த்தன. பானட்டைத் திறந்தா இடியாப்பம்! எரிச்சல்ல எல்லாத்தையும் பிடுங்கி, வாயை அடைச்சுட்டா போதும்னு தோணும். ஆனா கலிஃபோர்னியாவில் 1976 மாடலுக்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை உண்டு. புகையை அளக்கிறதோட, ஹோஸ்கள் சரியா மாட்டியிருக்கான்னு கண்ணாலயும் பார்ப்பாங்க.

ரெண்டு வகை வேக்கம்

ஸ்ட்ராவை விரலால நசுக்கிக்கிட்டு இளநீர் உறிஞ்சிப் பாருங்க, வாய்க்குள்ள இழுவை கூடும். எஞ்சினும் அப்படித்தான்.

1. மேனிஃபோல்ட் வேக்கம்: த்ராட்டில் தட்டுக்குக் கீழே எடுப்பது. ஐடிலிங்கில் நல்ல எஞ்சினில் சுமார் 17 முதல் 21 அங்குல பாதரசம் இருக்கும். முழு த்ராட்டிலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிடும்.

2. போர்ட்டட் வேக்கம்: மூடின தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே உள்ள துளையில் எடுப்பது. ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சதும் தட்டு துளையைத் தாண்டும், வேக்கம் வரும்.

யாருக்கு எது?

பிரேக் பூஸ்டருக்கும் பி.சி.வி வால்வுக்கும் மேனிஃபோல்ட். இ.ஜி.ஆருக்குப் போர்ட்டட். பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி கேனிஸ்டரின் பர்ஜ் லைனுக்கும் பெரும்பாலும் போர்ட்டட்தான். நடுவில் கூலன்ட் பாதையில் திருகின ஒரு வெப்ப வால்வு இருக்கும். எஞ்சின் சூடாகுற வரைக்கும் இ.ஜி.ஆருக்கு வேக்கம் போகாம அது தடுக்கும்.

இப்போ இ.ஜி.ஆர் ஹோஸைத் தப்பா மேனிஃபோல்டில் மாட்டினா? ஐடிலிங்கிலேயே வால்வு திறக்கும், எரிஞ்ச வாயு உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும், எஞ்சின் குலுங்கி நின்னுடும். மாறா, அடைச்சே வெச்சா எரிப்பு வெப்பம் ஏறும். நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும், மேட்டில் ஏறும்போது 'டிங் டிங்'னு நாக்கிங் கேட்கலாம்.

கழட்டுறப்போ

பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற வேக்கம் படத்தை முதல்ல போட்டோ எடுங்க. ஒரே எஞ்சின்னாலும் வருஷமும் மாநிலமும் மாறினா ஹோஸ் பாதை மாறும். வேற வண்டியோட படத்தை நம்பாதீங்க. ஒரு நேரத்தில் ஒரே ஹோஸ், ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி நம்பர். செக் வால்வுக்குத் திசை உண்டு. திருப்பி மாட்டினா வேலை செய்யாது. புது ஹோஸ் அதே உள்விட்டத்தில் இருக்கட்டும். தளர்ந்தா காற்று கசியும்.

எல்லாம் மாட்டினதும், எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, இ.ஜி.ஆர் வால்வுக்குக் கை பம்பால் வேக்கம் கொடுங்க. எஞ்சின் தடுமாறினா நல்ல சேதி: வால்வு திறக்குது, பாதையும் திறந்திருக்கு. ஒண்ணுமே ஆகலையா? டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம், இல்லை பாதையைக் கார்பன் அடைச்சிருக்கலாம்.

ஆக, எந்த ஹோஸைத் தொட்டாலும் ஒரே கேள்விதான்: இது எங்கிருந்து, எப்போ இழுக்குது? இதைக் கேட்டா இடியாப்பம் தானா பிரியும். அன்னைக்கு வைவாவில் என்கிட்ட கேட்டதும் இதேதான். எனக்குத்தான் லேட்டா புரிஞ்சது, உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.